ஹூஸ்டன் பக்கம் கைதான தம்பியின் பெயர் ஜெயில் பட்டியலில் வரவில்லை, எங்கே தேடுவது?

வேப்பம்பூ:

வணக்கம். கை நடுங்கிக்கொண்டே எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். என் சித்தி பையன் ஹூஸ்டன் பக்கம் கேட்டியில் இருக்கிறான். 25 வயது, ஓபிடியில், அதாவது மாணவர் விசாவில் கிடைக்கும் வேலை அனுமதியில், வேலை பார்க்கிறான். நேற்று வெள்ளிக்கிழமை இரவு நண்பன் வீட்டிலிருந்து திரும்பும்போது போலீஸ் காரை நிறுத்தியிருக்கிறது. குடித்துவிட்டு ஓட்டினான் என்று விலங்கு மாட்டிக் கூட்டிப்போனார்களாம். பக்கத்து சீட்டில் இருந்த பையன் சொன்னான். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. ஃபோன் அடித்தால் நேராக வாய்ஸ்மெயில்.

நான் சிகாகோ பக்கம் இருக்கிறேன். காலை 5 மணியிலிருந்து ஹாரிஸ் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) ஜெயிலின் இணையத் தேடலில் போட்டுப் பார்க்கிறேன். முதல் பெயரில் அவன் பெயர், கடைசிப் பெயரில் சித்தப்பா பெயர். ஒன்றுமே வரவில்லை. கூகிளில் தேடினால் கைது விவரம் தருகிறோம் என்று சொல்லி கிரெடிட் கார்டு கேட்கும் தளங்கள்தான் வருகின்றன. கட்டலாமா? ஊரில் சித்திக்கு இன்னும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவனுக்கு வீடியோ கால் போடுவார். அதற்குள் பிள்ளை எங்கே இருக்கிறான் என்றாவது எனக்குத் தெரிய வேண்டும்.

மணல்மேடு:

ஒரு டாலர்கூடக் கட்டாதீர்கள். ஜெயிலை நடத்துவது ஷெரிஃப், அதாவது கவுண்டியின் போலீஸ் தலைவர். யார் உள்ளே இருக்கிறார்கள் என்பதை அந்த அலுவலகத்தில் இலவசமாகவே பார்க்கலாம், ஃபோனிலும் கேட்கலாம். பணம் கேட்கும் தளங்கள் பழைய தகவலைத்தான் பெரும்பாலும் விற்கின்றன.

நீங்கள் தேடும் கவுண்டி சரியா என்று முதலில் பாருங்கள். கேட்டி ஹாரிஸ், ஃபோர்ட் பெண்ட், வாலர் என்று மூன்று கவுண்டிகளில் பரவிக் கிடக்கும் ஊர். வீட்டு முகவரி இங்கே கணக்கில்லை, எந்த இடத்தில் பிடித்தார்களோ அந்தக் கவுண்டிதான். ஊர் போலீஸ் பிடித்திருந்தால் முதலில் அவர்களுடைய லாக்கப்பில் சில மணி நேரம் வைத்திருக்கவும் கூடும். அதுவரை கவுண்டிப் பட்டியலில் பெயர் ஏறாது. கூட இருந்த பையனிடம் எந்தச் சாலை, போலீஸ் காரில் என்ன எழுதியிருந்தது என்று கேளுங்கள். காரை இழுத்துப்போன டோ கம்பெனி ரசீது இருந்தால் அதில் எந்த ஏஜென்சி என்று இருக்கும்.

வேப்பம்பூ:

கேட்டுவிட்டேன். சின்கோ ராஞ்ச் பக்கமாம். ஷெரிஃப் என்று எழுதிய கார், எந்தக் கவுண்டி என்று அவன் கவனிக்கவில்லை.

கரைமேட்டுக்காரன்:

அக்கா, அந்தப் பகுதி பெரும்பாலும் ஃபோர்ட் பெண்ட் கவுண்டி. அதன் ஜெயில் ரிச்மண்டில் இருக்கிறது. அங்கே தேடுங்கள். ஆனால் இதே பெயரை அங்கே போட்டாலும் கிடைக்காமல் போகலாம், அதைச் சொல்லத்தான் வந்தேன்.

2019-இல் என் ரூம்மேட்டுக்காக இதே அலைச்சலை நான் பட்டேன். வேறு மாநிலம், கவுண்டி பெயர் வேண்டாம். 19 மணி நேரம் தேடினேன். அவன் விடிவதற்கு முன்பே பட்டியலில் ஏறியிருந்தான், நான் தேடிய பெயரில் இல்லை, அவ்வளவுதான். அவன் பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலி. அப்படி இருந்தால் அமெரிக்க விசாவில் அவனுடைய ஒரே பெயரை சர்நேம் இடத்தில் போட்டுவிட்டு, முதல் பெயர் வர வேண்டிய இடத்தில் எஃப்என்யூ என்று அச்சடிப்பார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. பலருக்கு டிரைவர் லைசென்ஸிலும் அதுவே வந்துவிடுகிறது. புக்கிங்கில், அதாவது ஜெயிலில் பதியும்போது, லைசென்ஸைப் பார்த்துத் தட்டினார்கள், அவனுடைய சொந்தப் பெயர் கடைசிப் பெயராகிவிட்டது. நானோ அவன் அப்பா பெயரை வைத்துக்கொண்டு இரவெல்லாம் தேடிக்கொண்டிருந்தேன். எங்கள் அப்பாக்கள் வைத்த பெயருக்கு இந்த நாட்டுப் படிவத்தில் இடமில்லாமல் போனது எனக்கு இன்றும் ஆறவில்லை.

அதனால் தம்பியின் பெயரைக் கடைசிப் பெயரில் மட்டும் போடுங்கள், முதல் பெயரைக் காலியாக விடுங்கள். வரவில்லையா, முதல் மூன்று நான்கு எழுத்தோடு நிறுத்திப் பாருங்கள். த வரும் பெயர் என்றால் ஆங்கிலத்தில் டி (T), டி-எச் (TH) இரண்டும் போடுங்கள். ழ வந்தால் இசட்-எச்சும் எல்லும். பிறந்த தேதி கேட்கும் இடத்தில் மாதம் முதலில் வரும், நம் வழக்கத்தில் போட்டால் வேறு ஆளாகிவிடும். எதுவுமே வராவிட்டால் ஜெயிலுக்கு ஃபோன் போட்டு, பெயர் எழுத்து மாறியிருக்கலாம், பிறந்த தேதியை வைத்துப் பாருங்கள் என்று கேளுங்கள். எனக்கு அப்படித்தான் கிடைத்தது. ஃபோனை எடுத்த அம்மா இரண்டே நிமிடத்தில் கண்டுபிடித்துக் கொடுத்தார்.

புக்கிங் ஒரே நொடியில் நடப்பதில்லை. கைரேகை, புகைப்படம், உடல்நிலைக் கேள்விகள், கையில் இருந்த பொருட்களின் பட்டியல் எல்லாம் முடிந்துதான் பெயர் ஏறும். சனிக்கிழமை காலைக்கூட்டத்தில் பல மணி நேரம் ஆகலாம். டெக்சஸில் கைதான 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்ட்ரேட் முன்னால் நிறுத்தியாக வேண்டும், பாண்ட் என்னும் ஜாமீன் தொகை அங்கேதான் தெரியும். யாராவது மறுத்தால் சொல்லுங்கள்: கைதானவர், கைது, குற்றச்சாட்டு இவற்றின் அடிப்படைத் தகவல் டெக்சஸ் பொதுத் தகவல் சட்டப்படி பொதுவானது, மறைக்க முடியாது. வாஷிங்டனின் எஃப்ஓஐஏ என்ற மத்திய அரசுத் தகவல் சட்டத்தை இங்கே இழுக்காதீர்கள், அது கவுண்டிக்குப் பொருந்தாது.

பெயர் கிடைத்ததும் புக்கிங் எண்ணை எழுதிக்கொண்டு, ஹோல்ட் அல்லது டிடெய்னர் என்று, அதாவது வேறு ஏஜென்சி அவனை விடாமல் வைத்திருக்கச் சொன்னதாக, ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். ஐஸ் என்ற மத்தியக் குடியேற்ற அமலாக்கத் துறையின் டிடெய்னர் இருந்தால் பாண்ட் கட்டினாலும் உடனே விடமாட்டார்கள், மேற்கொண்டு 48 மணி நேரம் வைத்திருக்கச் சொல்லும் கோரிக்கை அது. அங்கிருந்து மாற்றிவிட்டால் கவுண்டிப் பட்டியலில் விடுவிக்கப்பட்டார் என்றே தெரியக்கூடும். வீட்டுக்கு வந்துவிட்டான் என்று நினைத்துவிடாதீர்கள். அப்போது ஐஸின் கைதி தேடலில் பார்க்க வேண்டும். அதில் குடியேற்றத் துறை தரும் ஏ-எண்ணும் பிறந்த நாடும் போட்டுத் தேடலாம். ஓபிடி கார்டில் யுஎஸ்சிஐஎஸ் எண் என்று 9 இலக்கத்தில் இருப்பது அந்த ஏ-எண்தான். பிறந்த நாடு என்றால் பிறந்த நாடேதான், குவைத்தில் பிறந்தவன் இந்தியா என்று போட்டால் வராது.

இன்னொன்று. பெயர் பொதுவில் ஏறியதும் அதைப் பார்த்து ஏமாற்றுக்காரர்கள் அழைப்பார்கள். பாண்ட் ஆபீஸ் என்று சொல்லி கிஃப்ட் கார்டில் பணம் கேட்டான் ஒருவன் என்னிடம். புக்கிங் எண், பிறந்த தேதி எல்லாம் சரியாகச் சொன்னான். நீங்களே ஜெயில் எண்ணுக்கு ஃபோன் போட்டு உறுதி செய்யாமல் எதையும் அனுப்பாதீர்கள்.

அவன் ஜெயிலிலிருந்து அழைத்தால் நடந்தது என்ன என்று கேட்காதீர்கள். அந்த அழைப்புகள் பதிவாகும். சாப்பிட்டாயா, மாத்திரை ஏதாவது வேண்டுமா, லாயர் பார்க்கிறேன், இவ்வளவு போதும்.

நெய்தல்கரை:

அக்காவுக்கு இன்று உதவாது, ஆனால் பின்னால் வரும். வெளியே வந்த பிறகு நடப்புக் கைதிகள் பட்டியலில் பெயர் பொதுவாக மறைந்துவிடும். அப்புறம் கோர்ட் கிளார்க் பதிவில்தான் பார்க்க வேண்டும். டெக்சஸில் பொதுவாகச் சிறு குற்றங்கள் கவுண்டி கிளார்க்கிடமும் பெரிய குற்றங்கள் டிஸ்ட்ரிக்ட் கிளார்க்கிடமும் இருக்கும். முதல் முறை டிடபிள்யூஐ, அதாவது குடித்துவிட்டு ஓட்டிய வழக்கு, பெரும்பாலும் சிறு குற்றக் கணக்கில் வரும். ஆனால் விசாவுக்கு அது சிறியதல்ல. எதற்கும் குற்றத்தை ஒப்புக்கொள்வதற்கு முன் குடியேற்ற லாயரிடமும் கேட்க வேண்டும். குடியுரிமை இல்லாதவருக்கு நாடுகடத்தல் ஆபத்தைப் பற்றி அவருடைய வழக்கறிஞர் சொல்லியாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே 2010-இல் படில்யா வழக்கில் தீர்ப்புக் கொடுத்திருக்கிறது. இந்தியத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லும்படி கேட்கும் உரிமையும் தம்பிக்கு உண்டு. அவன் கேட்டால்தான் சொல்வார்கள், தானாகப் போகாது. ஹூஸ்டனிலேயே நம் துணைத் தூதரகம் இருக்கிறது.

இந்தப் பதிவுகள் ஏன் இப்படித் திறந்து கிடக்கின்றன என்று கோபம் வரும். எனக்கும் வந்ததுண்டு. குடும்ப வன்முறையிலிருந்து தப்பி வந்த பெண்களோடு வேலை செய்யத் தொடங்கிய பிறகு மாறினேன். 1993 டிசம்பரில் கென்டக்கியில் மேரி பைரன் என்ற பெண்ணை அவருடைய முன்னாள் காதலன் சுட்டுக் கொன்றான். அவன் ஜாமீனில் வெளியே வந்ததை அவருக்கு யாரும் சொல்லவில்லை. அதன் பிறகுதான் 1994-இல் அங்கே ஜெஃபர்சன் கவுண்டியில் வைன் என்ற அறிவிப்பு ஏற்பாடு தொடங்கியது, பிறகு நாடு முழுக்கப் பரவியது. கைதி வெளியேறினால் பதிவு செய்துகொண்டவருக்கு ஃபோன் வரும். நான் உட்கார்ந்திருந்த ஒரு வீட்டில் அந்த ஃபோன் நள்ளிரவு 2 மணிக்கு வந்தது. பிள்ளைகளை எழுப்பி, பையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப அந்தப் பெண்ணுக்கு நேரம் கிடைத்தது.

வேப்பம்பூ:

கிடைத்துவிட்டான். ஃபோர்ட் பெண்டில்தான். கரைமேட்டுக்காரன் தம்பி சொன்னபடியே கடைசிப் பெயரில் அவன் பெயர், முதல் பெயரில் எஃப்என்யூ. அந்த மூன்று எழுத்தைப் பார்த்ததும் அழுதுவிட்டேன். ஹோல்ட் எதுவும் போடவில்லை. இன்னும் மாஜிஸ்ட்ரேட்டைப் பார்க்கவில்லை. நண்பன் ரிச்மண்டுக்குக் கிளம்பிவிட்டான். லாயர் ஒருவரிடம் பேசியிருக்கிறேன். சித்திக்கு நானே இன்று இரவு சொல்லிவிடுகிறேன், வீடியோ காலில் அவன் இல்லாததைப் பார்த்து அவர் தெரிந்துகொள்ளக் கூடாது.

கரைமேட்டுக்காரன்:

நல்லது அக்கா. பாண்ட் தொகை முழுவதையும் பணமாகக் கட்டினால் ரசீது யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான் வழக்கு முடிந்ததும் திரும்பி வரும். நண்பன் கையால் கட்டினாலும் யார் பெயர் என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள், ரசீதைப் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். வாசலில் பல மணி நேரம் காத்திருக்க வேண்டி வரும், ஃபோன் சார்ஜரை எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்.