கனடா லேண்ட்லைனில் இருந்து மல்லாவிக்கு இன்டர்நெட் போன், எப்படித் தொடங்குவது?

பாலைப்பழம்:
வணக்கம். நாங்கள் இலங்கையில், மல்லாவிப் பக்கம். அம்மம்மாவின் தங்கச்சி டொரன்டோவில் இருக்கிறா, வீட்டு லேண்ட்லைன் மட்டும்தான் பாவிப்பா, ஸ்மார்ட்போனைத் தொடவே பயம். மாமா வாட்ஸ்அப்பில் எடுத்துக் கொடுத்தால்தான் இரண்டு பேரும் கதைப்பார்கள், மாமா வேலைக்குப் போனால் அதுவும் இல்லை. கனடா நம்பர் ஒன்றை வாங்கி இங்கே இன்டர்நெட்டில் அடிக்கச் செய்யலாமாம், உண்மையா? இன்னொன்று, வாட்ஸ்அப் கோலே வீட்டுக்குள் வெட்டி வெட்டித்தான் கேட்கிறது. அம்மம்மா "சொல்லு பிள்ளை, சொல்லு பிள்ளை" என்று கேட்டுக்கொண்டே இருப்பா, பிறகு போனை மடியில் வைத்துவிட்டு முற்றத்தைப் பார்த்தபடி இருந்துவிடுவா. எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை. 4ஜி ரவுட்டர், தகரக் கூரை வீடு.

இரணைமடு:
உண்மைதான். எஸ்ஐபி (SIP) கணக்கு என்பார்கள், இன்டர்நெட் வழியாகப் போன் கதைக்கிற கணக்கு. மாமா அங்கேயே தன் பெயரில் 416 அல்லது 647 நம்பர் ஒன்றை மாத வாடகைக்கு எடுக்கட்டும். அது சின்ன அம்மம்மாவின் லேண்ட்லைனுக்கு உள்ளூர் எல்லைக்குள் வருகிற நம்பர்தானா என்று முதலே கேட்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் தூர அழைப்புக் காசு விழும். நீங்கள் இங்கே லின்ஃபோன் அல்லது சொய்பர் செயலியைப் போட்டு, சேவைக்காரர் தரும் பயனர் பெயர், கடவுச்சொல், சேர்வர் முகவரி மூன்றையும் கொடுத்தால் போதும். அவ வழக்கம்போல நம்பரை அழுத்துவா, இங்கே மணி அடிக்கும்.

ஆனால் வெட்டுவதை முதலில் சரிசெய்யுங்கள், எந்தச் சேவை எடுத்தாலும் அது கூடவே வரும். பலர் வேகம் போதாது என்று பெரிய டேட்டா பக்கேஜ் வாங்கிக் காசைக் கொட்டுகிறார்கள். ஒரு குரல் அழைப்புக்கு ஜி.711 என்ற குரல் குறியாக்க முறையில் ஒரு பக்கத்துக்கு விநாடிக்கு ஏறத்தாழ 87 கிலோபிட்தான் வேண்டும், ஒரு மணித்தியாலம் கதைத்தாலும் இரு பக்கமும் சேர்த்து 80 எம்பிக்குள் அடங்கிவிடும். குரலைத் துண்டு துண்டாக அனுப்புகிறார்கள், துண்டுகள் ஒரே சீராக வந்து சேராமல் ஒன்று பிந்தி ஒன்று முந்தி வந்தால்தான் பாதிச் சொல் விழுங்கப்படுகிறது. தகரம் சிக்னலை நன்றாக மறிக்கும். ரவுட்டரை வீட்டின் நடுவில் வைக்காமல் விறாந்தையில், டவர் இருக்கிற பக்கமாக, மழை படாத உயரத்தில் வைத்துப் பாருங்கள். செயலியில் ஓபஸ் (Opus) என்ற குறியாக்க முறை இருந்தால் அதைத் தெரிவுசெய்யுங்கள், இணைப்பு பலவீனமாக இருந்தாலும் தாங்கும்.

முறிகண்டி:
தங்கச்சியோ தம்பியோ தெரியாது, ஒரு விஷயம் சொல்கிறேன். போனின் பேட்டரி சேமிப்பு அந்தச் செயலியைத் தூங்க வைத்துவிடும், பிறகு மணியே அடிக்காது. எங்கள் வீட்டில் அப்படி இரண்டு கிழமை, மாமி கோபித்துக்கொண்டா என்றே அம்மா நினைத்துக்கொண்டிருந்தா. செட்டிங்கில் அந்தச் செயலிக்கு மட்டும் கட்டுப்பாட்டை நீக்குங்கள். கரண்ட் போனால் ரவுட்டரும் போய்விடும், சின்ன யூபிஎஸ் ஒன்று கட்டாயம். அப்புறம், அவசரத்துக்கு இந்தச் செயலிகளை நம்பாதீர்கள், அம்புலன்ஸுக்கு 1990க்கோ பொலிஸுக்கு 119க்கோ சாதாரண சிம்மில்தான் எடுக்க வேண்டும், அதில் எப்போதும் கொஞ்சம் காசு வைத்திருங்கள்.

வெளியூர்ப்பிள்ளை:
லண்டனில் இருந்து எழுதுகிறேன். வாட்ஸ்அப்புக்கு எஸ்எம்எஸ்ஸில் வருகிற 6 இலக்கத்தை யார் கேட்டாலும், சொந்தக்காரர் என்று சொன்னாலும், கொடுக்க வேண்டாம் என்று அம்மம்மாவுக்குச் சொல்லி வையுங்கள். என் அம்மா கொடுத்துவிட்டா, அவவின் பெயரில் சொந்தங்கள் எல்லாரிடமும் காசு கேட்டார்கள். வாட்ஸ்அப்பில் இரட்டைச் சரிபார்ப்பு ரகசிய இலக்கத்தை (PIN) இன்றைக்கே போடுங்கள்.

பாலைப்பழம்:
எல்லாருக்கும் நன்றி. ரவுட்டரை விறாந்தைத் தூணில் கட்டினேன். இன்று காலை 7 மணிக்கு, அங்கே முதல் நாள் இரவு 9:30, மாமா வாட்ஸ்அப்பில் எடுத்தார். சின்ன அம்மம்மா மூச்சு விடுகிறதுகூடக் கேட்டது. அம்மம்மா தேத்தண்ணி ஆறுகிற வரைக்கும் கதைத்தா. மாமா நம்பர் எடுக்கச் சம்மதித்துவிட்டார். இரணைமடு அண்ணா, என் ரவுட்டரின் பின்னால் அன்டனாவுக்கு இரண்டு துளை இருக்கிறது, வெளி அன்டனா பூட்டினால் இன்னும் நல்லா இருக்குமா?