ஃப்ளோரைடும் புளியும்: தருமபுரி, கிருஷ்ணகிரி உறுப்பினர்களின் அனுபவங்கள்

பென்னாகரம், மருந்தியல் ஆசிரியை

எங்கள் பக்கத்தில் தண்ணீரிலுள்ள ஃப்ளோரைடு பற்றிப் பேச்சு எழுந்தால் புளியும் கூடவே வந்துவிடுகிறது. ஃப்ளோரைடு மிகுந்த தண்ணீரால் பல்லில் படியும் பழுப்புக் கறையையும், குனிந்து நிமிர முடியாமல் போகும் முதுகையும் பார்த்துப் பழகிய ஊர்களில், அடுக்களையில் இருக்கும் ஒரு பொருளே மருந்தாகும் என்ற செய்தி எவ்வளவு ஆறுதல் தரும் என்பதை நேரில் கண்டிருக்கிறேன். பென்னாகரத்தை அடுத்த ஒரு சிற்றூரில், ஆறு வயது மகனுக்குக் காலையில் வெறும் வயிற்றில் புளியைக் கெட்டியாகக் கரைத்துக் கொடுத்துவந்த ஒரு தாயைச் சந்தித்தேன். "புளி குடிச்சா அந்த ஃப்ளோரைடு எல்லாம் ஒண்ணுக்குல போயிடும்னு சொன்னாங்க டீச்சர். இவன் பல்லு வெள்ளையாயிடுமா?" என்று கேட்டார்.

அவர் கேள்விப்பட்ட செய்திக்கு அடிப்படை உண்டு. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2002இல் வெளியிட்ட ஆய்வில், சிறுவர்களுக்கு மதிய உணவோடு நாளொன்றுக்கு 10 கிராம் புளி வீதம் 18 நாள்கள் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு நாள் முழுவதும் சேகரித்த சிறுநீரில் வெளியேறிய ஃப்ளோரைடின் அளவு, புளி இல்லாத உணவின்போது 3.5 மில்லிகிராமாக இருந்தது, புளி சேர்த்த உணவின்போது 4.8 மில்லிகிராமாக உயர்ந்தது. சிறுநீர் காரத்தன்மை அடையும்போது சிறுநீரகம் ஃப்ளோரைடைத் திரும்ப உறிஞ்சிக்கொள்வது குறைகிறது என்பது உடலியல் அறிந்த உண்மை. புளியின் விளைவுக்கும் இதுவே காரணமாகலாம் என்று கருதப்படுகிறது. அதே ஆய்வில் மக்னீசியமும் துத்தநாகமும் வெளியேறும் அளவு குறைந்தது. ஆகவே புளி ஃப்ளோரைடை மட்டும் தேர்ந்தெடுத்துத் தொடுகிறது என்று எண்ண இடமில்லை.

ஊருக்குள் வந்து சேராத செய்தி வேறொன்று. ஃப்ளோரைடால் வரும் நோய் முற்றுவதைத் தாமதப்படுத்தப் புளி உதவக்கூடும் என்ற அளவிலேதான் அந்த ஆய்வு முடிகிறது. கறை படிந்த பல்லைப் புளி மாற்றும் என்று அதில் எங்கும் சொல்லப்படவில்லை. மாற்றவும் முடியாது, ஏனென்றால் ஈறுக்குள் பல்லின் எனாமல் (கடினமான மேற்பூச்சு) உருவாகிக்கொண்டிருக்கும் பருவத்திலேயே அந்தப் பாதிப்பு நிகழ்ந்து முடிந்துவிடுகிறது. ஆனால் ஆறு வயதில் நிரந்தரப் பற்களில் பல இன்னும் உள்ளே உருவாகிக்கொண்டுதான் இருக்கும், ஏறத்தாழ எட்டு வயது வரை. அந்தப் பையனுக்கு இப்போது செய்யக்கூடிய பெரிய நன்மை அவன் குடிக்கும் தண்ணீரை மாற்றுவதே என்று தாயிடம் சொன்னேன். வெறும் வயிற்றில் கெட்டிப் புளி குடிப்பது எனாமலை அரிக்கும் என்பதையும், சாம்பார், ரசம் வழியாகச் சேரும் புளியே அவனுக்குப் போதும் என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

பேசிக்கொண்டிருந்தபோது தெரிந்தது: குடிப்பதற்கு ஒகேனக்கல் குழாய்த் தண்ணீர், சோறும் குழம்பும் களியும் ஆக்குவதற்கு வீட்டுப் போர் (ஆழ்துளைக் கிணறு) தண்ணீர். சமையலில் சேரும் தண்ணீரிலுள்ள ஃப்ளோரைடும் உடலுக்குள்தான் போகிறது என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது. 2013 முதல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் பயன்பாட்டில் இருக்கும் இந்த மாவட்டத்தில், புளி பற்றிய ஆய்வைவிட இந்தச் சிறிய செய்தியை வீடு வீடாகச் சொல்வதே எனக்கு முதன்மையாகத் தோன்றுகிறது.

காவேரிப்பட்டணம், செவிலியர்

ஆசிரியை சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். மூட்டு வலியோடு வந்த ஒரு பெரியவர், போர் தண்ணீரைப் பாதியாகச் சுண்டும் வரை கொதிக்கவைத்துக் குடித்துவருவதாக நிறைவோடு சொன்னார். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், ஃப்ளோரைடு ஆவியாகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட, மிஞ்சியதில் அதன் செறிவு கூடத்தான் செய்யும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளோரைடு இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர அளவு. 2 மில்லிகிராம் உள்ள தண்ணீரைப் பாதியாகச் சுண்டவைத்தால் அது 4 ஆகிவிடும். இதைச் சொன்னபோது அவர், "அப்போ இத்தனை நாளும் கெடுதலைத்தானே சேர்த்துக்கிட்டேன், ம்மா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பிறகு, மூட்டு வலி என்று வருபவர்கள் எல்லோரிடமும் எந்தத் தண்ணீர், எப்படிக் காய்ச்சுகிறீர்கள் என்று கேட்பதை நான் விடுவதில்லை. பால், கேழ்வரகு போன்ற கால்சியம் நிறைந்த உணவு, குடலில் ஃப்ளோரைடு உறிஞ்சப்படுவதைக் குறைக்க உதவும் என்பதையும் சொல்லி அனுப்புகிறேன். அந்தப் பெரியவரின் கையில் பெயர்ச்சீட்டு இல்லாத ஏதோ ஒரு மூலிகைப் பொடிப் பொட்டலமும் இருந்தது. அதில் என்ன இருக்கிறது என்பதை விற்றவராவது அறிந்திருப்பாரா என்பது எனக்கு ஐயமே.

அரூர், புளி வியாபாரம்

மாசி, பங்குனி மாதங்களில் எங்கள் கொட்டகையில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து புளி தட்டுவார்கள். ஓடு ஒரு குவியல், கொட்டை ஒரு குவியல், நார் தனி. ஒருமுறை கல்லூரி மாணவிகள் சிலர் வந்து, கொட்டையும் ஓடும் வேண்டும் என்று சாக்கில் கேட்டார்கள். தண்ணீரிலிருந்து ஃப்ளோரைடைப் பிரித்தெடுக்கப் புளியங்கொட்டை உதவும் என்று 2006இலேயே ஓர் ஆய்வுக் கட்டுரை வெளிவந்திருப்பதாகவும், அதைத் தங்கள் ஆய்வகத்தில் சோதிக்கப் போவதாகவும் சொன்னார்கள். பல தலைமுறையாகப் புளி விற்கும் எங்களுக்கு, கழிவு என்று ஒதுக்கிய பொருளுக்கு இப்படி ஒரு பயன் இருக்கக்கூடும் என்று கேட்டதே பெரு மகிழ்ச்சியாக இருந்தது. கொட்டையிலிருந்து எடுக்கும் பசைப்பொருள் உலர்ந்த கண்ணுக்கான சொட்டு மருந்திலும் சேர்கிறது என்பதை அவர்கள் சொல்லித்தான் அறிந்தேன்.

பிறகு அவர்களில் ஒருவர் திரும்பி வந்து முடிவைச் சொன்னார். ஆய்வகத்தில் கலந்த ஃப்ளோரைடு நீரில் கொட்டைப்பொடி நன்றாக வேலை செய்ததாம். எங்கள் ஊர்ப் போர் தண்ணீரில் அவ்வளவு எடுபடவில்லை. தண்ணீரிலுள்ள பைகார்பனேட் போன்ற உப்புகள் போட்டியிட்டு, பொடியில் ஃப்ளோரைடு ஒட்ட வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன என்றும், ஓட்டுப்பொடியைப் போட்டால் தண்ணீர் செந்நிறமாகிவிடுகிறது என்றும் விளக்கினார். எடுபடாததையும் மறைக்காமல் வந்து சொன்ன அந்தப் பெண்ணின் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டாயிற்று. ஃப்ளோரைடு ஏறிய அந்தப் பொடியைக் கடைசியில் எங்கே கொட்டுவது என்று கேட்டேன். அதுவும் தங்கள் ஆய்வில் சேர வேண்டிய கேள்விதான் என்று குறித்துக்கொண்டார்.

பென்னாகரம், மருந்தியல் ஆசிரியை

ஆய்வகத்துக்கும் ஊருக்கும் இடையே அரூர் ஐயா குறிப்பிட்ட வேறுபாடு புளியை உணவாகக் கொடுத்துச் செய்யும் ஆய்வுக்கும் பொருந்தும். 2004இல் வெளிவந்த அடுத்த ஆய்வு, ஃப்ளோரைடு நீக்கிய தண்ணீரைக் கொடுத்தபின் புளி கூடுதலாக என்ன செய்கிறது என்று பார்த்து, கூடுதல் நன்மை இருப்பதாகக் கண்டது. அதாவது அங்கும் தண்ணீரே முதலில் மாறியது. நம் மாவட்டத்தில் அதைத் திரும்பச் செய்ய விரும்புபவர்கள், நம் மக்கள் அன்றாடம் உண்ணும் புளியின் அளவை முதலில் அளக்க வேண்டும், சமையல் தண்ணீரையும் கணக்கில் சேர்க்க வேண்டும், துத்தநாகமும் மக்னீசியமும் எப்படி மாறுகின்றன என்பதையும் தொடர்ந்து பார்க்க வேண்டும். இத்தகைய ஆய்வில் பங்கேற்ற பெற்றோர் யாரேனும் இங்கே இருந்தால், பள்ளிக்குப் போகும் பிள்ளையிடமிருந்து ஒரு நாள் முழுச் சிறுநீரையும் விடாமல் சேகரிப்பதை வீட்டில் எப்படிச் சமாளித்தீர்கள் என்று எழுதுங்கள். என் மாணவர்கள் தடுமாறுவது அந்த இடத்தில்தான்.