‘ரெஃப்யூஜியா’வுக்குத் தமிழ் என்ன? – பவளப்பாறைக் கையேட்டுக்கு ஒரு சொல் வேண்டும்

மடல் 1: மொழிபெயர்ப்பாளர், இராமநாதபுரம்

அன்புடையீர், வணக்கம்.

மன்னார் வளைகுடாவில் கடற்காப்புப் பகுதிகளை இனி எவ்வாறு திட்டமிடுவது என்பதைக் கடலோர ஊர்களுக்கு விளக்கும் கையேடு ஒன்றை மொழிபெயர்த்து வருகிறேன். வெள்ளிக்கிழமை அது அச்சுக்குப் போக வேண்டும். கடல் சூடேறினாலும் உயிர்கள் தப்பி வாழும் இடங்களைக் குறிக்கும் ‘கிளைமேட் ரெஃப்யூஜியா’ என்ற தொடரில் மூன்று நாளாக நின்றுவிட்டேன்.

1986-இல் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டபோது, இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையிலுள்ள 21 தீவுகளைச் சுற்றி எல்லை வகுத்தார்கள். எல்லை வகுத்தபடியே இருக்கிறது, கடல் சூடேறிவிட்டது. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளின் கோடையில், பவளங்கள் தம்முள் வாழும் நுண்பாசியை இழந்து வெளுத்தன. ஆயினும் எல்லாப் பவளப்பாரும் ஒரே அளவில் வெளுப்பதில்லை. நீவாடு (கடல் நீரோட்டம்) வலுத்து ஓடும் இடத்திலோ, ஆழத்துக் குளிர்நீர் மேலேறும் இடத்திலோ, கலங்கல் நீர் வெயிலைத் தடுக்கும் இடத்திலோ உள்ள பவளம் தப்பக்கூடும். சுற்றிலும் அழிந்த பார்கள் மீண்டும் தழைப்பதற்கான இளம்பவளங்கள் அங்கிருந்துதான் நீரோட்டத்தில் வந்து சேர வேண்டும். அத்தகைய இடங்களை முன்னதாகவே கண்டறிந்து காப்பெல்லைக்குள் கொண்டுவருவதே புதிய திட்டமிடலின் உயிர்நாடி. ‘காலநிலைப் புகலிடம்’ என்று எழுதிப் பார்த்தேன்; மனம் ஒப்பவில்லை.

மடல் 2: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், குடந்தை

பாதுகாப்பைக் குறிக்கும் ‘ஏமம்’ இருக்க வேறு சொல் எதற்கு? சினம் என்பது இனமென்னும் ஏமப்புணையைச் சுடும் என்கிறார் வள்ளுவர். கடலில் காப்பாக அமையும் தெப்பத்துக்கே அச்சொல் அங்கு அடையாக வருகிறது. ஆமைபோல் ஐந்தடக்கச் சொல்லும் குறளும் ‘ஏமாப்பு’ என்றே முடிகிறது. வெம்மைக்கு எதிரான ஏமம் ஆதலால் ‘வெப்பேமம்’ எனலாம்.

மடல் 3: கடலுயிரியல் ஆசிரியை, தூத்துக்குடி

ஐயாவின் சொல்லை இன்று வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் பொருள் கேட்டேன். என் மாணவரில் பாதிப்பேர் மீனவர் வீட்டுப் பிள்ளைகள். முதலில் எழுந்த விடை ‘ஏமாற்றம்’. பூங்கா எல்லையால் தொழிலிடம் சுருங்கியது என்று வருந்தும் ஊர்களில் அந்த ஒலி மிகவும் கெடுதல் செய்யும் என்று அஞ்சுகிறேன்.

கச்சான் காற்று வலுத்தால் வள்ளத்தைத் தீவின் மறைவுக்குக் கொண்டுபோய் நங்கூரம் பாய்ச்சுவார்கள். அதை ஒதுங்குதல் என்பார்கள். காற்று எங்கும் அடிக்கும், அந்த ஓரிடத்தில் மட்டும் அதன் வேகம் எட்டாது. நம் கருத்தும் அதுவே அல்லவா? ‘வெப்ப ஒதுக்கு’ என்போம். தனிமடலில் ஒருவர் தந்த ‘வெப்பந்தாங்கி’ பொருந்தாது. சூட்டைத் தாங்கும் பவளம் வேறு, சூடு எட்டாத பவளம் வேறு. திட்டமிடுவோர் இவ்விரண்டையும் தனித்தனியே தேடுகிறார்கள்.

மடல் 4: யாழ்ப்பாணத்தில் பிறந்தவர், டொராண்டோ

புகலிடம் கோரி விண்ணப்பம் எழுதிய தலைமுறையைச் சேர்ந்தவன் நான். ‘காலநிலைப் புகலிடம்’ என்றால், கடல் ஏறியதால் வீடிழந்த மனிதர் தங்கும் இடம் என்றே என் போன்றோர் படிப்போம். அகதி முகாம் உள்ள மண்டபம் என்ற ஊரும் இதே கரையில்தான் இருக்கிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: அகதி ஓடிப்போய்ச் சேர்கிறான், பவளம் ஓடாது. நின்ற இடமே அதைக் காக்கிறது. சூடு தாளாமல் வேறு நீருக்குப் போகும் மீனுக்குப் புகலிடம் பொருந்தலாம், பவளத்துக்குப் பொருந்தாது.

மடல் 5: மொழிபெயர்ப்பாளர், இராமநாதபுரம்

அனைவருக்கும் நன்றி. ‘வெப்ப ஒதுக்கு’ என்று திருத்திய பத்தியை நேற்று மாலை கடற்கரையில் வலை பொத்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவருக்கு வாசித்துக் காட்டினேன். கை நிற்காமலே, “யாரு ஒதுக்குறா, கவுருமெண்டா?” என்று கேட்டார். ‘ஒதுக்கு’ பிறவினை ஆதலால், ஒதுக்கும் அதிகாரி ஒருவர் அச்சொல்லுக்குள் வந்து உட்கார்ந்துவிடுகிறார். சரணாலயமும் காப்பகமும் அரசு அறிவிப்பவை; இந்த இடத்தை அமைத்ததோ கடல். ஆகவே தன்வினைப் பகுதியைக் கொண்டு, வாழிடம் போல ‘ஒதுங்கிடம்’ என ஆக்கி, ‘வெப்ப ஒதுங்கிடம்’ என்று அச்சுக்குக் கொடுக்கிறேன். தனிமடலில் எழுதியவர்களில் பெரும்பாலோர், நாளில்லை என்பதற்காகவேனும், இதற்கு இசைந்துள்ளனர். பவளம் ஒதுங்குவதில்லை என்ற குறை எனக்குத் தெரிந்தே நிற்கிறது.

மடல் 6: தமிழாசிரியர், குடந்தை

கையேட்டுக்கு அச்சொல் போகட்டும்; தடுக்கவில்லை. ஆனால் ஊர்ப்புறத்தில் ஒதுங்கப் போவது என்பதற்கு வேறு பொருள் உண்டு என்பதை ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை. டொராண்டோ நண்பர் எழுதியதை மீண்டும் படியுங்கள். புகலிடத்தில் புகுதல் இருக்கிறது, ஒதுங்கிடத்தில் ஒதுங்குதல் இருக்கிறது. பவளம் இரண்டையும் செய்வதில்லை. இருந்த இடத்தில் இருக்கையிலேயே கேடு அணுகாத நிலையைக் குறிக்கும் சொல் நம்மிடம் ஏமம் ஒன்றே. கலைச்சொல் பட்டியலின் கடைசி வரியிலாவது அதைச் சேருங்கள்.