தஞ்சாவூர் ரயிலடியில் பழைய விடுதியில் தங்கலாமா?

கேள்வி: அடுத்த மாதம் உழவன் விரைவு ரயிலில் சென்னையிலிருந்து அம்மாவுடன் விடியற்காலையில் தஞ்சாவூர் வந்து இறங்குகிறேன். நிலையத்துக்கு அருகிலுள்ள பழைய விடுதிகளில் ஒன்றில் தங்கலாம் என எண்ணுகிறேன். அம்மாவுக்கு மூட்டுவலி உண்டு, அவருக்குச் சரிப்படுமா?

மறுமொழி 1: தாராளமாகத் தங்கலாம், ஐயா. ஆனால் முன்பதிவு செய்யும்போது 24 மணி நேரக் கணக்கா, நண்பகல் 12 மணிக் கணக்கா என்று கட்டாயம் கேளுங்கள். நண்பகல் கணக்கென்றால், காலை 5 மணிக்கு அறைக்குள் நுழையும் உங்களுக்கு முழுநாள் வாடகையில் ஏழு மணி நேரமே கிடைக்கும். சென்ற ஆண்டு இதைக் கேட்காமல் இரட்டை வாடகை கொடுத்தேன். இன்னும் மனம் ஆறவில்லை.

மறுமொழி 2: பழைய கட்டடங்கள் பலவற்றில் மின்தூக்கி இருக்காது என்பதால், தரைத்தள அறையும் மேற்கத்தியக் கழிப்பறையும் வேண்டுமென்று சொல்லிவிடுங்கள். வெந்நீர் சில இடங்களில் காலையில் மட்டுமே, அதுவும் வாளியில்தான் வரும். இருந்தாலும் உயரமான கூரையும் தடித்த சுவரும் கோடைப் பகலில் தரும் குளிர்ச்சிக்காகவே நான் இத்தகைய அறைகளை விரும்புகிறேன். தண்டவாளத்தை ஒட்டிய பக்கம் மட்டும் வேண்டாம்; அம்மாவுக்கு உறக்கம் கெடும்.

மறுமொழி 3: இராசராசன் 1010-இல் கட்டிமுடித்த பெரிய கோயில் அங்கிருந்து ஆட்டோவில் சிறிது தூரம்தான். நண்பகலில் சன்னதி நடை சாத்திவிடுவார்கள். வெயிலில் கருங்கல் தளமும் சுடும். ஆகவே அம்மாவைக் காலையிலேயே அழைத்துச் செல்லுங்கள்.