டாஃபோடில் கிழங்கு: இலை மட்டும் வருகிறது, பூவைக் காணோம். என்ன உரம் போடலாம்?

மாடிவீட்டுக்காரி
வணக்கம். ஆன்லைனில் டாஃபோடில் கிழங்கு வாங்கி நட்டேன். இலை பச்சைப் பசேலென்று வந்துவிட்டது, பூ மட்டும் வரவில்லை. ஒரே ஒரு கிழங்கில் மொட்டு மாதிரி ஏதோ எட்டிப் பார்த்து, அப்படியே பழுப்பாகிக் காய்ந்துவிட்டது. இலை நுனியும் லேசாகக் கருகுகிறது. என்ன உரம், எவ்வளவு போட வேண்டும்? பொங்கலுக்குள் பூத்துவிடும் என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். கொஞ்சம் அவசரம்.

பாலக்கோட்டான்
எந்த ஊர்? தொட்டியா, தரையா? எப்போது நட்டீர்கள்? வெயில் எத்தனை மணி நேரம் படுகிறது?

ரோஜாப்பிரியன்
டிஏபி ஒரு கைப்பிடி போடுங்கள். எங்கள் வீட்டு ரோஜாவுக்கு அதுதான். பூ தானாக வரும்.

மண்வாசி
டிஏபி வேண்டவே வேண்டாம். மண் செத்துவிடும். பத்து லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி பஞ்சகவ்யம் கலந்து தெளியுங்கள். பூக்காத செடியே கிடையாது.

பாலக்கோட்டான்
அவர் இன்னும் ஊரையே சொல்லவில்லை, அதற்குள் மருந்துச் சீட்டு எழுதிவிட்டீர்களே.

கிழங்கு_குரு
மறுபடியும் இதே கேள்வி. ஒவ்வொரு குளிர்காலத்திலும் யாராவது ஒருவர் வந்துவிடுகிறார். பாக்கெட்டில் இருக்கும் படத்தைப் பார்த்து வாங்குவது, அப்புறம் உரம் கேட்பது. டாஃபோடில் நார்சிஸஸ் பேரினம். குளிர் நாட்டுச் செடி. வாங்கும் முன் பத்து நிமிடம் படித்திருந்தால் இந்த இழையே தேவைப்பட்டிருக்காது. பழைய இழைகளைத் தேடிப் பாருங்கள்.

தளி_அக்கா
குரு சார், தேடிப் படிக்கத் தெரிந்தவர் இங்கே ஏன் வந்து கேட்கப் போகிறார்? தெரிந்தால் சொல்லுங்கள், இல்லையென்றால் விடுங்கள். மாடிவீட்டம்மா, நீங்கள் ஊரைச் சொல்லுங்கள் முதலில்.

மாடிவீட்டுக்காரி
ஊர் தர்மபுரி டவுன். மொட்டை மாடியில் தொட்டி. தீபாவளி கழிந்து கொஞ்ச நாளில் நட்டேன். காலை வெயில் நன்றாகப் படும். தண்ணீர் வீட்டு போர் தண்ணீர்தான். உரம் என்று பெரிதாக ஒன்றும் போடவில்லை, வாரா வாரம் யூரியா மட்டும் கரைத்து ஊற்றுகிறேன்.

பாலக்கோட்டான்
"பெரிதாக ஒன்றும் போடவில்லை!" 😄

தளி_அக்கா
சரி, இப்போது விஷயம் புரிகிறது. முதலில் யூரியாவை நிறுத்துங்கள். தழைச்சத்து ஏற ஏற இலைதான் கொழிக்கும். கிழங்கின் அடிப்பகுதி அழுகும் ஃபியூசேரியம் நோய்க்கும் அது வழி விடும்.

ஆனால் பூ வராததற்கு அது முதல் காரணம் இல்லை. நல்ல பருமனான கிழங்கை நீங்கள் வாங்கும்போதே அதற்குள் பூ மொட்டு சின்னதாக உருவாகி இருக்கும். அது தண்டு நீட்டி மேலே வரவேண்டுமென்றால், 12 முதல் 16 வாரம் 9 டிகிரிக்குக் கீழே குளிர் பட வேண்டும். அது கிடைக்காவிட்டால் இலை மட்டும் வரும், அல்லது மொட்டு பாதியில் கருகி நிற்கும். உங்களுக்கு நடந்தது அப்படியே இதுதான். தர்மபுரியில் ஜனவரி இரவில்கூட 9 டிகிரியெல்லாம் கனவு. எந்த உரம் போட்டாலும் குளிரின் வேலையை அது செய்யாது.

உரம் அடுத்த வருஷத்துப் பூவுக்குத்தான். இப்போது இருக்கிற இலைதான் கிழங்குக்குச் சோறு போடுகிறது. அது மஞ்சளாகித் தானே சாயும் வரை வெட்டாதீர்கள். பார்க்க அசிங்கமாக இருக்கிறதென்று முடிச்சுப் போட்டும் வைக்காதீர்கள். சாம்பல்சத்து (பொட்டாசியம்) அதிகமுள்ள உரம் கொஞ்சம் கொடுங்கள், போதும்.

கிழங்கு_குரு
இதைத்தான் நானும் சொன்னேன்.

தளி_அக்கா
எங்கே சொன்னீர்கள்?

அதியமான்கோட்டை_தோட்டம்
நுனி கருகுவதைப் பற்றி யாரும் பேசவில்லையே. அது போர் தண்ணீர். தர்மபுரி, கிருஷ்ணகிரி என்று நம் இரண்டு மாவட்டத்திலும் நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு இருப்பது ஊரறிந்த விஷயம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காகத்தான் வந்தது. கிளாடியோலஸ், லில்லி மாதிரி செடிகளுக்கு ஃப்ளூரைடு ஆகாது, நுனிதான் முதலில் கருகும். ஒகேனக்கல் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்.

ரோஜாப்பிரியன்
மனிதர் குடிக்க வந்த தண்ணீரைப் பூந்தொட்டிக்கு ஊற்றச் சொல்கிறீர்களா? நல்லா இருக்கிறது.

அதியமான்கோட்டை_தோட்டம்
ஒரு தொட்டிக்கு ஒரு சொம்பு. அதில் என்ன குடி முழுகிவிடும்?

ரோஜாப்பிரியன்
ஆளுக்கு ஒரு சொம்பு என்று மாடித்தோட்டக்காரர்கள் எல்லோரும் ஆரம்பித்தால்?

மண்வாசி
மழைநீர் சேகரியுங்கள், பிரச்சினை தீர்ந்தது. பஞ்சகவ்யத்தையும் மழைநீரில் கலந்தால்தான் பலன்.

பாலக்கோட்டான்
ஃப்ளூரைடு இருக்கலாம், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் வாரா வாரம் யூரியா குடிக்கிற தொட்டியில் உப்பு சேராமல் என்ன செய்யும்? நுனி கருக அதுவே போதும். அடித்துளை வழியாகத் தண்ணீர் நன்றாக வழிந்தோடும்படி ஒரு தடவை ஊற்றிக் கழுவுங்கள். அப்புறம் ஃப்ளூரைடைப் பிடிக்கலாம். மண்ணில் சுண்ணாம்பு இருந்தால் அது ஃப்ளூரைடைக் கட்டி வைத்துக்கொள்ளும்; புளிப்பு மண்ணில்தான் தொல்லை அதிகம்.

ஓசூர்_மேஜிக்
ஓசூரில் எல்லாம் வருமே! எங்கள் ஊர் வேறு லெவல். டாஃபோடில் என்ன, டியூலிப்பே வரும்.

பாலக்கோட்டான்
வந்த படம் ஒன்று போடுங்கள் பார்ப்போம்.

தளி_அக்கா
தம்பி, ஓசூர் 900 மீட்டர் உயரம்தான். ஓசூர் பக்கத்தில் இருக்கிற எங்கள் தளியை வெள்ளைக்காரன் குட்டி இங்கிலாந்து என்று சொன்னானாம், அதை நம்பி நானும் தரையில் நட்டால் இலைதான் வரும். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல், அங்கே பனி விழும், கதை வேறு. ரோஜாப் பண்ணைக் குளிர் அறையில் வேலை பார்க்கிறவள் என்பதால் கிழங்கையும் அதற்குள் வைத்துப் பூக்க வைத்திருக்கிறேன். அந்த அறை இல்லையென்றால் எனக்கும் கிடையாது.

மாடிவீட்டுக்காரி
அப்படியென்றால் இந்தக் கிழங்கை இப்போதே தோண்டி ஃப்ரிட்ஜில் வைக்கலாமா? காய்கறி டிரேயில் இடம் இருக்கிறது. ஆப்பிளும் வெங்காயமும்தான் இருக்கின்றன.

தளி_அக்கா
வேண்டாம், வேண்டாம்! இரண்டுமே ஆபத்து. இலையோடு இருக்கிற கிழங்கை இப்போது தோண்டக் கூடாது. ஆப்பிள், வாழைப்பழம் எல்லாம் பழுக்கும்போது எத்திலீன் வாயு விடும். அது உள்ளே இருக்கிற மொட்டைக் கொன்றுவிடும். அப்புறம் அந்தக் கிழங்கு பார்க்க வெங்காயம் மாதிரியே இருக்கும். லைகோரின் என்ற நச்சு அதில் இருக்கிறது, வேக வைத்தாலும் போகாது. 2009இல் இங்கிலாந்தில் ஒரு பள்ளியில் வெங்காயம் என்று நினைத்து சூப்பில் போட்டு, பிள்ளைகள் வாந்தியெடுத்தார்கள். ஃப்ரிட்ஜில் வைத்தால் தனி டப்பா, மேலே பெரிய எழுத்தில் பெயர், வீட்டில் சமைக்கிறவர் எல்லோருக்கும் தகவல்.

ஆசை விடவில்லையென்றால் செப்டம்பர், அக்டோபரில் புதுக் கிழங்கு வாங்குங்கள். பழம் இல்லாத ஃப்ரிட்ஜில் 12 வாரத்துக்குக் குறையாமல் வையுங்கள். ஈரமான தேங்காய்நார்த் தூளில் தொட்டியோடு வைத்தால் இன்னும் நல்லது, குளிரிலேயே வேர் பிடித்துவிடும். ஜனவரியில் வெளியே எடுத்தால் வெயில் ஏறுவதற்குள் பூக்க வாய்ப்பு உண்டு. குளிரே கேட்காத பேப்பர்வைட் வகையும் இருக்கிறது. வெள்ளைப் பூ, கொத்தாக வரும், வாசம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். தர்மபுரிக்கு நான் சொல்வது அதுதான்.

கிழங்கு_குரு
பேப்பர்வைட்டை உண்மையான டாஃபோடில் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

தளி_அக்கா
அதுவும் நார்சிஸஸ்தானே சார்? நீங்கள்தானே பேரினம் சொன்னீர்கள்.

பாலக்கோட்டான்
இவ்வளவு பாடுபட்டு ஒரு வாரம் பூக்கிற செடி எதற்கு என்பது என் கட்சி. கிழங்கு நட ஆசையென்றால் சம்பங்கி நடுங்கள். நம் மண்ணுக்கும் வெயிலுக்கும் அதுதான். பிரஜ்வல் ரகம் போடுங்கள், பூ எடை அதிகம்.

அதியமான்கோட்டை_தோட்டம்
பிரஜ்வலா? வாசத்துக்கு ஒற்றை அடுக்கு இதழுள்ள நாட்டு ஒற்றைச் சம்பங்கியை அடிக்க முடியாது. எடை பார்க்கிறவன் மண்டிக்காரன். வீட்டுக்கு எடை எதற்கு?

பாலக்கோட்டான்
பிரஜ்வலே ஷிருங்கார் ரகத்தையும் மெக்சிகன் ஒற்றையையும் கலந்து பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தில் எடுத்ததுதான். ஒற்றை ரத்தம் அதிலும் ஓடுகிறது. மொட்டு லேசாக ரோஸ் நிறம் காட்டும், அதற்காகவே வைக்கலாம்.

மண்வாசி
எந்தச் சம்பங்கியாக இருந்தாலும் பஞ்சகவ்யம்...

ரோஜாப்பிரியன்
ஐயா, போதும்.

மாடிவீட்டுக்காரி
யூரியாவை நிறுத்திவிட்டேன், தொட்டியையும் கழுவிவிட்டேன். மாமியார் ஃப்ரிட்ஜில் கிழங்கு என்றதும் கூடாது என்றுவிட்டார். பாலக்கோடு அண்ணா, சம்பங்கிக் கிழங்கு எப்போது நடலாம்?

பாலக்கோட்டான்
ஜூன், ஜூலை. 25, 30 கிராம் எடையுள்ள கிழங்காகப் பார்த்து வாங்குங்கள் தங்கச்சி, சின்னது வாங்கினால் முதல் வருஷம் இலை மட்டும்தான். பையூர் ஆராய்ச்சி நிலையத்திலோ பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்திலோ ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். அங்கே இல்லையென்றால் மே கடைசியில் எனக்குத் தனிச்செய்தி போடுங்கள், எங்கள் தோட்டத்தில் கிழங்கு எடுக்கும்போது கொஞ்சம் எடுத்து வைக்கிறேன். நாட்டு ஒற்றை வேண்டுமென்றால் அதியமான்கோட்டைக்காரரைக் கேளுங்கள்.