மிட்வைஃப்: பேறுகாலச் செவிலியரா, மருத்துவச்சியா, வேறு சொல்லா?

வணக்கம்.

2023இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய தேசிய நர்சிங், மிட்வைஃபரி ஆணையச் சட்டத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுத உட்கார்ந்தேன், சட்டத்தின் பெயரிலேயே மாட்டிக்கொண்டேன். நர்சிங்குக்குச் செவிலியம் இருக்கிறது. பிரசவம் பார்க்கும் தொழிலான மிட்வைஃபரிக்கு? 'பேறுகாலச் செவிலியம்' என்று போட்டால் போதுமே என்று நேற்று நம் கலைச்சொல் குழுவில் இருவர் எழுதியிருந்தீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

நம் ஊரில் நர்சிங் முடிப்பவர் செவிலியராகவும் மிட்வைஃபாகவும் சேர்த்தே பதிவு செய்துகொள்கிறார். 1926ஆம் ஆண்டு மதராஸ் சட்டமே இருவரையும் ஒரே முடிச்சில் கட்டித்தான் வைத்தது. அதனால் மிட்வைஃபரி செவிலியத்தின் கிளை என்று தோன்றிவிடுகிறது. இங்கிலாந்தில் மிட்வைஃபுகளுக்கான தனிச் சட்டம் 1902லேயே வந்துவிட்டது, நர்சுகளுக்கான பதிவுச் சட்டம் 1919இல்தான். முறை பார்த்தால் மிட்வைஃப்தான் அக்கா. இன்றும் அங்கே நர்சிங் பக்கமே போகாமல் நேராக மூன்றாண்டுப் பட்டம் படித்து மிட்வைஃப் ஆகலாம், பதிவில்லாதவர் அந்தப் பெயரைப் போட்டுக்கொண்டால் குற்றம். சிக்கலில்லாத பிரசவத்தை அவர் முழுக்கத் தன் பொறுப்பில் பார்ப்பார், கோளாறு தெரிந்தால் மகப்பேறு மருத்துவரைக் கூப்பிடுவார். 2018இல் மத்திய அரசு கொண்டுவந்த வழிகாட்டுதலும், பதிவு பெற்ற செவிலியருக்கு மேலும் 18 மாதப் பயிற்சி கொடுத்து இப்படித் தனித்துப் பிரசவம் பார்க்கிறவர்களை உருவாக்கத்தான். 'பேறுகாலச் செவிலியர்' என்று எழுதினால் டாக்டர் பக்கத்தில் தட்டு ஏந்தி நிற்பவர்தான் வாசகர் கண்ணில் வருவார்.

அப்புறம் மருத்துவச்சி. எனக்கு மிகப் பிடித்த சொல். கிராமத்தில் 'அந்தக் கிழவிதான் மருத்துவம் பார்த்தாள்' என்றால் காய்ச்சலுக்குக் கஷாயம் கொடுத்தாள் என்று பொருளில்லை, பிள்ளைப்பேறு பார்த்தாள் என்றுதான். பல ஊர்களில் முடிதிருத்தும் சமூகத்துப் பெண்கள்தான் இந்த வேலையைத் தலைமுறை தலைமுறையாகச் செய்தார்கள். 'சாதி வாடை அடிக்கிறது, வேண்டாம்' என்று ஒருவர் எழுதியிருந்தார். வேலையை வாங்கிக்கொண்டு பேரை மட்டும் திண்ணைக்கு வெளியே நிறுத்துகிற கணக்கு இது. செவிலி மட்டும் என்ன, அகப்பாடல்களில் தலைவியை வளர்த்த தாய். இன்று ஊசி போடவில்லையா? அதேபோல மருத்துவச்சியும் மாறியிருக்கலாம்.

சிக்கல் சாதியில் இல்லை, அந்த 'ச்சி'யில் இருக்கிறது. பிரிட்டனில் 1983 முதல் ஆண்களும் தடையில்லாமல் இந்தத் தொழிலுக்கு வரலாம். ஜெர்மன்காரர்கள் ஆணுக்கென்று வேறு பெயர் வைத்திருந்தார்கள், 2020இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தில் அதைக் கைவிட்டு எல்லாருக்கும் பழைய 'ஹெபம்மெ'யையே வைத்துக்கொண்டார்கள். நம்மால் 'மருத்துவச்சி வந்தான்' என்று எழுத முடியுமா? (திருச்சி மலைக்கோட்டைச் சிவனான தாயுமானவரே ரத்னாவதிக்குப் பேறு பார்க்க அவள் அம்மாவின் உருவில்தான் வர வேண்டியிருந்தது. திருச்சிக்காரர்கள் கோபிக்க வேண்டாம்.)

என் பரிந்துரை: பேறுகாப்பு, பேறுகாப்பாளர். பேறு பார்ப்பது ஓர் இரவு வேலை, இவர்கள் பார்ப்பதோ மாதக்கணக்கில்: கர்ப்ப காலப் பரிசோதனை, பிரசவம், பிறகு தாய்ப்பால், பச்சிளங்குழந்தை என்று எல்லாம் சேர்ந்தது. காப்பு என்ற சொல்லோ வளைகாப்பிலேயே கர்ப்பிணி கைக்கு ஏறிவிடுகிறது, பிள்ளை பிறந்தபின் அதன் கைக்கும் போகிறது. பேறுநர் என்றும் யோசித்தேன், கடித உறையில் 'பெறுநர்' ஞாபகம் வந்து விட்டுவிட்டேன். பேறாளர் காதுக்கு மாநாட்டுப் பேராளர்.

*

வணக்கம் ஐயா. இலங்கையில் எங்களுக்கு இந்தத் தலையிடி இல்லை. தாதி (நர்ஸ்) வேறு, மருத்துவமாது (மிட்வைஃப்) வேறு. வீடு வீடாகப் போகிறவர் பொதுச் சுகாதார மருத்துவமாது, ஏறத்தாழ 3,000 பேருக்கு ஒருவர். அவர்களின் பதிவும் தாதியர் சபையில் இல்லை, வைத்தியர்களைப் பதிகிற இலங்கை மருத்துவச் சபையில்தான். அம்மாமார் 'மிட்வைஃப் மிஸ்' என்று கூப்பிடுவார்கள், அது வேறு கதை. மாது பெண்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் புழக்கத்தில் உள்ள சொல்லை விட்டுப் புதிதாக ஏன் செய்ய வேண்டும்? இன்னொன்று, மகப்பேற்று மருத்துவமனை என்கிறோமே, உங்கள் சொல்லும் பேற்றுக்காப்பு என்றல்லவா வர வேண்டும்? காப்பாளர் என்றதும் எனக்கு விடுதிக் காப்பாளர்தான் வருகிறார்.

*

நான் மேலே மூச்சுப் பிடித்து வாதாடிய பிரிவினையை நீங்கள் எப்போதோ முடித்துவிட்டீர்கள்! மருத்துவமாது இலங்கை வழக்கு என்ற குறிப்போடு நம் சொற்பட்டியலில் பேறுகாப்பாளரோடு அதே பதிவில் இருக்கட்டும், தள்ளவில்லை.

'ற்று' விஷயத்தில் நன்னூல் உங்கள் பக்கம்தான், நெடிலை அடுத்த 'று' இரட்டிக்க வேண்டும். ஆனால் பேறுகாலம் என்பது இரட்டிக்காமலே ஊன்றிவிட்டது, நான் அதன் பின்னால் ஒளிந்துகொள்கிறேன். காப்பாளர் பற்றி: வனக்காப்பாளர் என்றால் யாரும் விடுதியை நினைப்பதில்லை, முன்னால் வருகிற சொல் பார்த்துக்கொள்ளும்.

டூலாவையும் இதோடு தீர்த்துவிடலாம். மருத்துவப் பொறுப்பு எதுவும் இல்லாமல் கூடவே இருந்து முதுகு நீவி தைரியம் சொல்கிறவர், அவருக்குப் பேற்றுத்துணை. (இங்கே மட்டும் இரட்டித்துவிட்டேன், சரிதானே?) மருத்துவச்சி என்பதை ஊர்ப் பாட்டிகளுக்கே தனிப்பதிவாக விடுகிறேன்.

சட்டத்தின் பெயர், தேசியச் செவிலிய, பேறுகாப்பு ஆணையச் சட்டம். இரண்டு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன், நாக்கு தடுக்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் யாரும் மறுக்காவிட்டால் கட்டுரையில் இதையே போட்டு அனுப்பிவிடுவேன்.