பித்தளை நுண்பாகங்களைச் சுற்றிப் படியும் வெண்படலம்: உதவி தேவை

1/72 அளவிலான ஸ்பிட்ஃபயர் மார்க் 9 மாதிரி விமானத்தின் விமானி அறையில், அமிலத்தால் அரித்து உருவாக்கிய பித்தளைப் பாகங்களைப் பொருத்தி வருகிறேன். உண்மை விமானத்தின் 11.23 மீட்டர் இறக்கை விரிவு இவ்வளவில் ஏறத்தாழ 156 மில்லிமீட்டராகச் சுருங்கிவிடுவதால், இருக்கைப் பட்டையின் கொக்கி கடுகளவுகூட இல்லை. சூப்பர் குளூ கொண்டு ஒட்டிய மறுநாளே கருவிப் பலகையைச் சுற்றி வெண்படலம் படிகிறது. பட்டைகளின் ஓரமும் மெல்ல எழும்புகிறது. சென்னையில் கடலுக்கு அருகே குடியிருக்கிறேன். ஐப்பசி மழை தொடங்கிய பிறகு இது கடுமையாயிற்று.

பித்தளையைச் சுடரில் காட்டி மென்மையாக்கியதில் பட்டைகள் இருக்கையின் வளைவுக்கு அழகாகப் படிந்தன. ஆனால் நுண்மணல் தாளால் தேய்த்து, ஆல்கஹாலால் துடைத்து, மிகக் குறைந்த பசை வைத்து, மின்விசிறிக் காற்றில் உலரவிட்டும் படலம் குறையவில்லை. பிளாஸ்டிக் சிமென்ட் உலோகத்தைப் பிடிக்காது. எபாக்ஸிப் பசையோ விளிம்பைத் தாண்டி வழிந்து, கருவி முகப்பின் செதுக்கலை மூடிவிடுகிறது. அடுத்து கண்ணாடி மூடியைப் பொருத்த வேண்டும். உள்ளே பசையின் ஆவி தங்கினால் அதுவும் மங்கிவிடும்.

ஈரப்பதம் மிகுந்த இக்காலத்தில், வெண்படலம் படியாமல் பித்தளையை மாதிரியின் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கில் உறுதியாக ஒட்ட எந்தப் பசையை, எம்முறையில் பயன்படுத்துகிறீர்கள்?